தவறிய நாளும் தள்ளுபடியான மேல்முறையீடும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இக்கழகம் கால் நூற்றாண்டை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், கல்வியின் பயன் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். கல்வியால் வேலை கிடைக்கும், மதிப்பு உயரும், அடிமை மனம் அகலும் என்பனவற்றை எனக்கு முன் பேசியவர்கள் அழகுற எடுத்துரைத்தார்கள். அவற்றை நான் திரும்பக் கூறப் போவதில்லை. நாம் பெற்ற கல்வி ஒரு நீதிமன்றக் காகிதத்தின் முன் எவ்வாறு சோதிக்கப்படுகிறது என்ற ஒன்றை மட்டும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நான் வழக்குரைஞன் அல்லேன், பள்ளி ஆசிரியன். ஆயினும் சிற்றூர்ப் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியனுக்குப் பாடநூலோடு வேறொரு படிப்பும் வந்து சேரும். மாலை மணி அடித்த பின், மாணவனின் தந்தையோ பாட்டியோ மடியில் மடித்து வைத்த காகிதத்தை எடுத்து நீட்டி, "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்பார்கள். பட்டா, அழைப்பாணை, தீர்ப்பு நகல், வங்கி அறிவிப்பு என்று அக்காகிதங்கள் பலவகைப்படும். அவற்றைப் படித்துப் படித்து நான் அறிந்துகொண்ட உண்மை ஒன்று உண்டு. நம் மக்கள் நிலத்தையும் மனையையும் இழந்த வழக்குகள் பலவற்றில், அவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று மேல் நீதிமன்றம் கூறியதே இல்லை. நியாயம் அங்கே எடைபோடப்படவே இல்லை. எடைபோடும் நாளுக்கு முன்பே வழக்கு வாசற்படியில் விழுந்துவிட்டது.

"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்பது பழமொழி. அரசியல் சட்டம் வந்த பின் ஏழையின் சொல்லும் அம்பலம் ஏறத்தான் செய்கிறது. ஆனால் படிகளை எண்ணத் தெரியாதவனின் சொல் நடுப்படியிலேயே நின்றுவிடுகிறது. அந்தப் படிகளை இன்று ஒவ்வொன்றாகக் காண்போம்.

இருவகைத் தள்ளுபடி

முதல் நீதிமன்றத்தில் தோற்றவர் மேல் நீதிமன்றத்தில் முறையிடுவது மேல்முறையீடு. ஊர் வழக்கில் அப்பீல் என்கிறோம். மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்த்துச் சார்பு நீதிமன்றத்திலோ மாவட்ட நீதிமன்றத்திலோ முறையிடலாம். சாட்சிகள் சொன்னதையும் ஆவணங்கள் காட்டுவதையும் மீண்டும் முழுமையாக ஆராயும் அதிகாரம் அந்த முதல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உண்டு. அதற்கு மேல் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றால், சட்டம் பற்றிய முக்கியமான வினா இருந்தாலன்றி இரண்டாம் மேல்முறையீட்டை ஏற்கமாட்டார்கள். வரப்பு எங்கே இருந்தது, உழுதவர் யார், பணம் கொடுத்தது உண்மையா என்பன போன்ற செய்திகளைத் திரும்பக் கிளறிப் பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் முதல் மேல்முறையீட்டோடு முடிந்துவிடுகிறது. ஆகவே அதை இழப்பது அரைவழக்கை இழப்பதன்று. முழு வழக்கையும் இழப்பதாகும்.

மேல்முறையீடு தள்ளுபடி ஆவது இருவகைப்படும். இரு தரப்பையும் கேட்டு, ஆவணங்களைப் பார்த்து, "உன் கோரிக்கை சரியன்று" என்று தள்ளுவது ஒருவகை. நாள் தவறியது, கட்டணம் குறைந்தது, ஆள் வரவில்லை, இறந்தவருக்குப் பதில் வாரிசுகளைச் சேர்க்கவில்லை என்று, கேளாமலே தள்ளுவது மற்றொருவகை. இரண்டுக்கும் நம் மக்கள் "தள்ளுபடி" என்ற ஒரே சொல்லைத்தான் வழங்குகிறார்கள். இந்தச் சொல் மயக்கமே பெருங்கேடு விளைவிக்கிறது. முதல் வகையில் தோற்றவர் உண்மையிலேயே தோற்றவர். இரண்டாம் வகையில் கதவு இன்னும் முற்றும் அடைபடவில்லை. ஆனால் "தள்ளுபடி ஆகிவிட்டதாம்" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறோம். திறந்திருக்கும் கதவும் சில நாட்களில் தானே மூடிக்கொள்கிறது.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 41ஆம் கட்டளை மேல்முறையீடுகளைப் பற்றியது. விசாரணை நாளில் மேல்முறையீட்டாளர் வராவிட்டால் தள்ளுபடி செய்யலாம் என்று அதன் 17ஆம் விதி கூறுகிறது. ஆனால் அவ்வாறு வராத நிலையில் வழக்கின் நியாய அநியாயத்துக்குள் புகுந்து தீர்ப்புக் கூற நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1976ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு விளக்கத்தைச் சேர்த்தது. கேளாமல் தள்ளியது கேட்டுத் தள்ளியது ஆகாது என்று சட்டமே வேறுபடுத்திக் காட்டுகிறது. நாமும் அவ்வாறு வேறுபடுத்திக் காணப் பழக வேண்டும்.

முதற்படி: நாட்கணக்கு

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, உயர் நீதிமன்றம் தவிர்ந்த பிற நீதிமன்றங்களில் மேல்முறையீடு செய்வதற்குக் காலம் 30 நாட்கள். உயர் நீதிமன்றத்தில் 90 நாட்கள். தீர்ப்புக் கூறிய நாளை விட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும்.

மேல்முறையீட்டோடு தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணைக்க வேண்டும். அந்நகலைப் பெறுவதற்குத் தேவைப்பட்ட நாட்களை இச்சட்டத்தின் 12ஆம் பிரிவு கணக்கிலிருந்து கழித்துவிடுகிறது. இது பெரிய சலுகை; ஆனால் அளவான சலுகை. நகலில் இடப்படும் முத்திரையைப் பாருங்கள். மனுச் செய்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், முத்திரைத்தாள் செலுத்திய நாள், நகல் தயாரான நாள், நகல் பெற்றுக்கொண்ட நாள் என்று தேதிகள் வரிசையாக இருக்கும். படித்தவர்கள்கூட உள்ளே இருக்கும் தீர்ப்பைப் படிக்கிறார்களே தவிர, இந்தச் சிறு முத்திரையைப் படிப்பதில்லை. வழக்கின் உயிர் அந்த முத்திரையில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மார்ச் 1ஆம் நாள் தீர்ப்பு. 30 நாட்கள் மார்ச் 31ஆம் நாளோடு முடியும். மார்ச் 11ஆம் நாள் நகலுக்கு மனுச் செய்து, 24ஆம் நாள் நகல் தயாரானது என்று கொள்வோம். இரு நாட்களையும் சேர்த்து எண்ணினால் 14 நாட்கள் கழியும். ஆகவே கடைசி நாள் ஏப்ரல் 14. அன்று அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள், நீதிமன்ற விடுமுறை. விடுமுறை நாளில் காலம் முடிந்தால் நீதிமன்றம் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம் என்று 4ஆம் பிரிவு கூறுகிறது. இதுவரை சரி. ஆனால் மார்ச் 24ஆம் நாள் தயாரான நகலை ஏப்ரல் 24ஆம் நாள் சென்று வாங்கி வந்தால், அந்த ஒரு மாதம் கழியாது. செலுத்த வேண்டிய முத்திரைத்தாளைச் செலுத்தாமல் நாம் கடத்திய நாட்களும் கழியா. "நகல் இப்போதுதான் கைக்கு வந்தது" என்று கூறுவதால் பயனில்லை. கைக்கு வந்த நாளன்று. தயாரான நாளே கணக்கு.

இது ஐந்தாம் வகுப்புக் கூட்டல் கழித்தல் கணக்கே அன்றி வேறன்று. ஆனால் வகுப்பறையில் தவறாகப் போட்டால் ஒரு மதிப்பெண் போகும். இங்கே தவறாகப் போட்டால் ஒரு காணி நிலம் போகும்.

இரண்டாம் படி: கட்டணமும் திரும்பி வரும் காகிதமும்

நாளுக்குள் தாக்கல் செய்துவிட்டோம் என்று மனநிறைவு கொள்வதற்கில்லை. நீதிமன்றக் கட்டணம் குறைவு, கையொப்பம் விடுபட்டது, பக்க எண் இல்லை, முகவரி முழுமையாக இல்லை என்று குறைகளைக் குறித்து அலுவலகம் காகிதங்களைத் திருப்பிவிடும். "ரிட்டர்ன் ஆகியிருக்கிறது" என்று வழக்குரைஞரின் குமாஸ்தா சொல்வார். குறைகளைத் திருத்தி மீண்டும் தாக்கல் செய்ய நாள் கொடுத்திருப்பார்கள். அந்த நாளும் ஒரு கெடுவே. கட்சிக்காரர் பணம் கொண்டு வரட்டும் என்று வழக்குரைஞர் காத்திருக்க, வழக்கு நடக்கிறது என்று கட்சிக்காரர் ஊரில் காத்திருக்க, எண் இடப்படாத அம்மேல்முறையீடு அலமாரியில் மாதக்கணக்கில் உறங்கிய கதைகள் உண்டு. "அப்பீல் போட்டாயிற்று" என்பதை விடையாக ஏற்காதீர்கள். "அப்பீல் எண் என்ன?" என்று கேளுங்கள். எண் இருந்தால்தான் மேல்முறையீடு பிறந்தது என்று பொருள்.

குறைந்த கட்டணத்தைப் பின்னர் செலுத்த அனுமதிக்கும் அதிகாரம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 149ஆம் பிரிவில் உண்டு. கட்டணம் செலுத்த வழியில்லாதவர் வறியவராக மேல்முறையீடு செய்வதற்கு 44ஆம் கட்டளை வழி செய்கிறது. ஆனால் இவற்றை நாம் கேட்டுப் பெற வேண்டும். தாமாக வந்து சேரா.

எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்புவதற்கு உரிய கட்டணத்தை, நீதிமன்ற வழக்கில் பேட்டா என்பார்கள். அதைக் கட்டாமலும், சரியான முகவரி கொடுக்காமலும் விட்டாலும் மேல்முறையீட்டுக்கு ஆபத்து நேரும். பெருந்தொகையைக் கடன் வாங்கிக் கட்டியவர் இச்சிறு தொகையைக் கட்ட மறந்து கெடுவது தேர் ஓடி நிலைக்கு வரும் நேரத்தில் அச்சாணி கழன்றது போன்றது.

மூன்றாம் படி: வாய்தா நாள்

வாய்தா வாய்தாவாக வழக்கு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும்போது கூலி வேலையை விட்டு ஒவ்வொரு முறையும் செல்வது எளிதன்று. ஒருநாள் கூலி போகும். பேருந்துக் கட்டணம் போகும். ஆகவே வழக்குரைஞர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுகிறோம். பெரும்பாலோர் பார்த்துக்கொள்ளவும் செய்கிறார்கள். ஆனால் அவர் நோயுற்றாலோ, ஊர் மாறினாலோ, காலமானாலோ நமக்குச் சொல்வார் யார்? அவர் வராத அன்று வழக்கு அழைக்கப்பட்டால், 17ஆம் விதிப்படி தள்ளுபடி ஆகிவிடும்.

அதற்கும் மருந்து உண்டு. 19ஆம் விதிப்படி, வர இயலாமைக்குத் தக்க காரணம் காட்டி மேல்முறையீட்டை மீண்டும் எடுத்துக்கொள்ளுமாறு கோரலாம். காலம், தள்ளுபடியான நாளிலிருந்து 30 நாட்கள். அம்மனுவையும் மறுத்தால் அம்மறுப்பை எதிர்த்தும் முறையிடலாம்.

1981ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்த்த ரபீக் எதிர் முன்ஷிலால் வழக்கை இங்கே நினைவுகூர்தல் தகும். வழக்குரைஞர் வராத நிலையில் அலகாபாத் உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டை முடித்துவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சிற்றூரில் வாழும் ஒருவர் வழக்குரைஞரை அமர்த்தி, கட்டணம் கொடுத்து, தம்மால் இயன்றதைச் செய்தபின், அவ்வழக்குரைஞரின் தவற்றுக்காக அவரைத் தண்டிப்பது முறையன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். எதிர்த்தரப்பின் செலவுத் தொகையையும் வராத வழக்குரைஞரிடமிருந்தே பெறுமாறு கூறியது. நம் போன்றோருக்கு இத்தீர்ப்பு ஓர் ஊன்றுகோல். ஆயினும் ஊன்றுகோல் இருக்கிறது என்பதற்காகக் காலை முறித்துக்கொள்ளலாகாது.

நான்காம் படி: இறப்பு

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது இரு தரப்பில் ஒருவர் இறந்துவிட்டால், வழக்குரிமை தொடரும் நிலையில் அவருடைய வாரிசுகளை 90 நாட்களுக்குள் வழக்கில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் இறந்தவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு அற்றுப்போகும். யாரும் ஆணையிட வேண்டியதில்லை. நாள் கடந்தால் தானே அற்றுப்போகும். அதை நீக்கக் கோரி மேலும் 60 நாட்களுக்குள் மனுச் செய்யலாம். அதுவும் கடந்தால், தாமதத்தை மன்னிக்குமாறு காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின் கீழ் தக்க காரணம் காட்ட வேண்டும். நான் கண்டவரையில், நம் மக்கள் வழுக்கி விழும் படிகளில் மிகக் கொடியது இதுவே.

நிலம் நம் மக்களுக்கு எளிதில் வந்ததன்று. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் 1891ஆம் ஆண்டு அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசு ஒப்படைத்த பஞ்சமி நிலங்களில்கூட, பிறர் கைக்குச் சென்றவை மிகப்பல. அத்தகைய நிலைமையில் தம் பெயரில் 1 ஏக்கர் 20 சென்ட் புன்செய் வைத்திருந்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன். சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அந்நிலத்தின் மீது ஊர்ப் பெருநிலக்காரர் ஒருவர் உரிமை கொண்டாடினார். முதல் நீதிமன்றத்தில் அவருக்கே வெற்றி. நம்மவர் மாடு கன்றுகளை விற்று, நாளுக்குள் மேல்முறையீடு செய்தார். எண்ணும் இடப்பட்டது. இரண்டாம் ஆண்டில் அந்தப் பெருநிலக்காரர் காலமானார்.

அன்று அவ்வூரில் நடந்ததைக் கேளுங்கள். இறப்புச் செய்தியை உறவூர்களுக்கு நடந்து சென்று சொல்லும் வேலை, வழிவழி வழக்கம் என்ற பெயரில், நம் தெருவின் மீது சுமத்தப்பட்டிருந்தது. வழக்கு நடக்கிறது என்பதால் அச்சுமை நீங்கவில்லை. ஏழு ஊர்களுக்கு நடந்து, தம் நிலத்துக்கு எதிரியான அவர் இறந்த செய்தியைச் சொல்லி வந்தவர்களுள் மேல்முறையீடு செய்தவரும் ஒருவர். ஏழு ஊருக்குச் சொன்னவர் எட்டாவதாக ஓரிடத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த எட்டாவது இடம் நீதிமன்றம்.

ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தபோதுதான், எதிர்த்தரப்பு வழக்குரைஞர் எழுந்து தம் கட்சிக்காரர் இறந்துவிட்டார் என்றார். தம் கட்சிக்காரர் இறந்ததை அறிந்த வழக்குரைஞர் அதை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 22ஆம் கட்டளையின் 10-அ விதி கூறுகிறது. அது 1976ஆம் ஆண்டில் வந்த நல்ல விதி. இங்கே அது காலம் கடந்தே நிறைவேறியது. வாரிசுகளைச் சேர்க்கவும் தாமதத்தை மன்னிக்கவும் நம்மவர் தரப்பில் மனுச் செய்தார்கள். அம்மனுவில் "தவிர்க்க இயலாத காரணங்களால் தாமதம் ஏற்பட்டது" என்ற ஒரே வரிதான் காரணமாக எழுதப்பட்டிருந்தது. எதிர்மனுவிலோ காரணம் விரிவாக இருந்தது. இறப்புச் செய்தியை ஊர் ஊராகச் சென்று அறிவித்தவரே மேல்முறையீட்டாளர்தாம்; ஆகவே இறப்பு தமக்குத் தெரியாது என்று அவர் கூற இயலாது என்று எழுதியிருந்தார்கள்.

அவையோரே, இதை நீங்கள் நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த இழிவை நம் மீது சுமத்தினார்களோ, அந்த இழிவையே நமக்கு எதிரான சாட்சியாகவும் நிறுத்தினார்கள். மனு தள்ளுபடி ஆயிற்று. மேல்முறையீடு அற்றுப்போயிற்று. அந்த 1 ஏக்கர் 20 சென்ட் யாருக்கு உரியது என்று மேல் நீதிமன்றம் ஆராயவே இல்லை. ஆராய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சோதிடம் கூற முற்படவில்லை. ஆராயப்படும் உரிமை போயிற்று என்பதே என் வருத்தம்.

அந்நீதிபதி சட்டத்துக்கு மாறாக நடந்தார் என்று கூறுவதற்கில்லை. இறப்பு தெரிந்திருந்தது, சட்டம் தெரியவில்லை. சட்டம் தெரியாது என்பதைச் சட்டம் காரணமாக ஏற்பதில்லை. ஆயினும் உச்ச நீதிமன்றம் 1984ஆம் ஆண்டு சீதள் பிரசாத் சக்சேனா வழக்கில், மேல்முறையீடு தொலைவில் உள்ள உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கையில், யார் இருக்கிறார், யார் இறந்தார் என்று சிற்றூர் மக்கள் இடைவிடாது கண்காணித்துக்கொண்டிருக்க இயலாது என்ற கருத்தில் கருணை காட்டியது. நம்மவரின் அறியாமையையும் அவரது நிலைமையையும் அம்மனுவில் விரித்து எழுதி, அத்தீர்ப்பையும் காட்டியிருந்தால், வழக்கைக் கேட்கவேனும் செய்திருக்கலாம். அந்த ஒரு வரிக்குப் பதில் ஒரு பக்கம் எழுதுவிக்க அவர் பக்கத்தில் படித்தவர் ஒருவர் இல்லை.

கருணையும் அதன் எல்லையும்

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். வழக்குக்கு ஒரு முடிவு வேண்டும். வென்றவர் தம் வீட்டில் அச்சமின்றி உறங்க வேண்டும். நம் மக்களும் வழக்குகளில் வெல்கிறார்கள். நாம் வென்று பத்தாண்டு கழிந்தபின் செல்வர் ஒருவர் மேல்முறையீடு என்று வந்தால், நம்மைக் காப்பதும் இதே நாட்கணக்குதான். ஆகவே விதியே வேண்டாம் என்று நான் கூறவில்லை. விதி நீதிக்கு வேலியாக இருக்க வேண்டும். பயிரை மேயும் வேலியாக ஆகிவிடலாகாது.

நீதிமன்றங்களும் இதை உணர்ந்தே இருக்கின்றன. 1987ஆம் ஆண்டு அனந்தநாக் நில எடுப்பு வழக்கில், தாமத மனுக்களைத் தாராள மனத்தோடு அணுக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அவ்வழக்கில் கருணை பெற்றது ஏழையன்று. 4 நாள் தாமதமாக வந்த அரசுத் தரப்பு. 1998ஆம் ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து சென்ற பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி வழக்கில், ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோரிய மனு தள்ளுபடியானதை நீக்கக் கோருவதில் நேர்ந்த 883 நாள் தாமதம் மன்னிக்கப்பட்டது. தாமதத்தின் நீளம் பெரிதன்று, காரணத்தின் உண்மையே பெரிது என்பது அத்தீர்ப்பின் கருத்து. அந்த மனுதாரர் தம் வழக்குரைஞரின் தவற்றைக் குறித்து நுகர்வோர் மன்றத்தில் முறையிட்டு இழப்பீட்டு ஆணையும் பெற்றிருந்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். வெறும் வாய்ச்சொல்லோடு அவர் செல்லவில்லை.

மறுபுறம், 2012ஆம் ஆண்டு அஞ்சல் துறையின் 427 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் மன்னிக்க மறுத்தது. கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்தது என்பது காரணமாகாது, அரசுக்கும் சட்டம் ஒன்றே என்றது. ஆகவே கருணை உண்டு. ஆனால் அது உரிமையன்று. காரணமும் சான்றும் உள்ள இடத்திலேயே அது இரங்கும்.

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் நாடே முடங்கியபோது, 15-3-2020 முதல் 28-2-2022 வரையிலான நாட்களைக் காலவரையறைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வர இயலாதவனுக்காகக் கடிகாரத்தை நிறுத்தலாம் என்பதை நாட்டின் உயர்ந்த மன்றமே அன்று ஒப்புக்கொண்டது. நாட்டுக்கு வந்த நோய் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஒரு குடிசைக்கு வந்த நோய் அக்குடிசைக்கு மட்டுமே தெரியும். அதை நீதிமன்றத்துக்குத் தெரியச் செய்வது மருத்துவமனைச் சீட்டு. ஆகவே அரசு மருத்துவமனையில் கொடுக்கும் சிறு சீட்டையும் எறிந்துவிடாதீர்கள்.

அண்ணல் காட்டிய வழி

மகாத்துச் சவுதார் குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக 1927ஆம் ஆண்டு அண்ணல் அம்பேத்கர் நடத்திய அறப்போரை நாம் மேடைதோறும் போற்றுகிறோம். அதன் பின்பகுதியை யாரும் பேசுவதில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஊர் உயர்சாதியினர் சிலர் அண்ணல் மீதும் அவர்தம் தோழர்கள் மீதும் உரிமையியல் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை பெற்றனர். 1931ஆம் ஆண்டு முதல் நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பு வந்தது. எதிர்த்தரப்பு தாணா நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து 1933ஆம் ஆண்டு தோற்றது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்து, 1937ஆம் ஆண்டு மார்ச் மாதம் அங்கும் தோற்றது.

ஒன்பது ஆண்டுகளுக்கு மேல்! இடையில் வட்டமேசை மாநாடுகள், பூனா ஒப்பந்தம், 1935ஆம் ஆண்டு பம்பாய் அரசுச் சட்டக் கல்லூரி முதல்வர் பணி என்று எத்தனை பொறுப்புகள்! அவற்றிடையேயும் அக்குளத்து வழக்கு கேட்பாரற்றுப் போகவில்லை. மூன்று நீதிமன்றங்களிலும் இறுதிவரை நடத்தப்பட்டது. குளத்தில் இறங்கியது ஒருநாள் வீரம். ஒன்பது ஆண்டு வழக்கைக் கைவிடாமல் காத்தது வேறொரு வீரம். முழக்கமிடுவதில் முதல் வீரத்தைப் பின்பற்றும் நாம், வாய்தா நாளைக் குறித்து வைப்பதில் இரண்டாம் வீரத்தைப் பின்பற்ற வேண்டாமா?

நாம் செய்ய வேண்டுவன

இக்கழகம் அடுத்த கால் நூற்றாண்டில் மேற்கொள்ளத்தக்க சில பணிகளைப் பணிவோடு முன்வைக்கிறேன்.

முதலாவது, வழக்கு உள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழக்குக் குறிப்பேடு இருக்கட்டும். நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், வழக்குரைஞரின் பெயர், அடுத்த வாய்தா, செலுத்திய தொகை, அதற்கான ரசீது ஆகியவற்றை அவ்வீட்டில் படிக்கும் பிள்ளையே எழுதட்டும். இப்போது ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற 16 இலக்க அடையாளக் குறியீடு தரப்படுகிறது. அதைக் கொண்டு ஈ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தாவைக் கைப்பேசியிலேயே காணலாம். திரைப்படம் பார்க்கத் தெரிந்த கைக்கு இது அரிதன்று.

இரண்டாவது, தீர்ப்புப் பாதகமானால் மறுநாளே நகலுக்கு மனுச் செய்யப் பழக்க வேண்டும். மேல்முறையீடு செய்வதா வேண்டாவா என்று பின்னர் ஆலோசிக்கலாம். நகலுக்கு ஆலோசனை வேண்டுவதில்லை.

மூன்றாவது, நம் தரப்பிலோ எதிர்த்தரப்பிலோ இறப்பு நேர்ந்தால், ஒரு வாரத்துக்குள் வழக்குரைஞருக்கு எழுத்து வழியாகத் தெரிவிக்க வேண்டும். கடிதத்தின் படியைப் பாதுகாக்க வேண்டும். வீடு மாறினாலும் அவ்வாறே.

நான்காவது, 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவுப்படி ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். வழக்குரைஞர் மட்டுமன்றி நீதிமன்றக் கட்டணம், அறிவிப்புக் கட்டணம் முதலியனவும் அதில் அடங்கும். வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். பணமில்லாமல் மேல்முறையீடு போயிற்று என்ற சொல் இனி நம் தெருக்களில் கேட்கலாகாது.

ஐந்தாவது, கழக நூலகத்தில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், இக்கழகத்தால் படித்துப் பட்டம் பெற்ற இளைஞர்கள் முறைவைத்து அமரட்டும். வருவோரின் காகிதங்களைப் படித்துப் பொருள் கூறட்டும். தேதிகளைக் கணக்கிட்டுக் கடைசி நாளைச் சிவப்பு மையால் எழுதிக் கொடுக்கட்டும். வழக்குரைஞர் வேலையை அவர்கள் செய்ய வேண்டுவதில்லை. வழக்குரைஞரிடம் எந்நாளில் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் போதும்.

மாணவச் செல்வங்களே! கையெழுத்துப் போடக் கற்றதோடு எழுத்தறிவு முடிந்ததாக ஒரு காலத்தில் கருதினோம். கைந்நாட்டு ஒழிந்தது என்று மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் எதில் கையெழுத்திடுகிறோம், எந்நாளுக்குள் இட வேண்டும் என்பதை அறியாத கையெழுத்து, மையின் நிறம் மாறிய கைந்நாட்டே ஆகும். நம் நியாயத்தை நீதிமன்றம் கேட்டு, எடைபோட்டு, அதன் பின் தள்ளினால் அதைத் தாங்கிக்கொள்வோம். கேளாமலே தள்ளும் நிலை, நம் வீட்டில் படித்தவர் ஒருவர் இருக்கும்வரை, நமக்கு நேரலாகாது. இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஏற்றி வைத்த விளக்குகள் அந்த ஒரு வேலையைச் செய்தாலும், அவற்றுக்கு இட்ட எண்ணெய் வீணாகவில்லை என்று நான் மகிழ்வேன்.